சூனியக்காரியின் குடிசையும் திறந்த கடலும்
ஊர்சுலா லெ குவினின் ‘ஏர்த்ஸீ’ கதைகள் பற்றிய ஒரு மறுநோக்கு

சிறுவர் இலக்கியத்தைப் பற்றி எழுதப்படும் திறனாய்வு பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகின்றது. நூலின் மொழி எளிமையானதா என்பது ஒன்று. அது புகட்டும் நீதி நல்லதா என்பது மற்றொன்று. நூல் எவ்வகை உலகத்தைக் குழந்தையின் முன் வைக்கின்றது, அவ்வுலகில் யார் நடுவே நிற்கின்றார், யார் ஓரத்தே ஒதுக்கப்படுகின்றார், அவ்வொதுக்கம் எத்தகைய நியாயத்தின் பேரில் நிகழ்கின்றது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. வளர்ந்தோருக்கான நாவலில் நாம் எளிதில் இனங்கண்டு கண்டிக்கும் ஓரவஞ்சனை, மந்திரமும் நாகமும் பாய்க்கப்பலும் நிறைந்த கதையில் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றது. பத்து வயதில் படித்த கதையே மனிதனின் மனத்தில் ஆழ வேரூன்றுவது என்பதை எண்ணும்போது, இப்பாராமுகம் சிறியதொரு குறையன்று.

இக்கருத்தைத் தெளிவுறுத்துவதற்கு அமெரிக்க எழுத்தாளர் ஊர்சுலா கே. லெ குவின் (1929–2018) எழுதிய ஏர்த்ஸீ வரிசை மிகப் பொருத்தமானது. நிலம், கடல் என்னும் இரு சொற்களையும் இணைத்து அமைந்த பெயர் இது. 1964 ஆம் ஆண்டு வெளிவந்த இரு சிறுகதைகளில் இத்தீவுலகம் முதன்முதலாகத் தோன்றியது. பின்னர் பேர்க்லி நகரின் பதிப்பாளர் ஒருவர் இளையோருக்கான நூலொன்று வேண்டுமெனக் கேட்டமையால் 1968 இல் முதல் நாவல் வெளிவந்தது. பெயர்களைப் பொருள்வழி மொழிபெயர்த்தால், ‘ஏர்த்ஸீயின் மந்திரவாதி’ (1968), ‘அற்றுவானின் கல்லறைகள்’ (1971), ‘தொலைக்கரை’ (1972) என்பன முதல் மூன்று நூல்கள். பதினெட்டு ஆண்டுகள் கழித்து ‘ரெஹானு’ (1990) வந்தது. 2001 இல் ‘ஏர்த்ஸீக் கதைகள்’, ‘மறுகாற்று’ என்னும் இரண்டும் சேர்ந்தன. ஓர் ஆசிரியர் தாம் படைத்த சிறுவர் உலகத்தைத் தாமே திரும்பிப் பார்த்து, அதன் அநீதியைத் தாமே எதிர்கொண்ட வரலாறு இந்நூல்களுக்குள் அடங்கியிருக்கின்றது. அவ்வரலாற்றின் மையத்தில் நிற்பவள் கிராமத்துச் சூனியக்காரி.

சூனியக்காரிக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பு ஐரோப்பிய மரபில் பழையது. 1590 இல் ஸ்கொற்லாந்து அரசன் ஆறாம் ஜேம்ஸ் டென்மார்க்கிலிருந்து கடல்வழியே திரும்பியபோது எழுந்த புயல்களுக்குச் சூனியமே காரணமெனக் கூறி, நோத் பெரிக் பகுதியைச் சேர்ந்த பலர் விசாரிக்கப்பட்டனர். சித்திரவதைக்கும் கொலைக்கும் உள்ளாயினர். சில ஆண்டுகளின் பின் எழுதப்பட்ட ‘மக்பெத்’ நாடகத்தின் சூனியக்காரிகளுள் ஒருத்தி சல்லடையில் ஏறிக் கடல்கடந்து மாலுமி ஒருவனை வதைக்கப்போவதாகக் கூறுவதை ஆங்கிலம் பயிலும் மாணவர் அறிவர். ஹன்ஸ் அன்டர்சன் 1837 இல் வெளியிட்ட கடற்கன்னிக் கதையிலும் கடலடியில் வாழும் சூனியக்காரியே கன்னியின் நாவை விலையாகப் பெற்றுக் கால்களைத் தருகின்றாள். ஆகவே, கடலைக் கலக்குபவள், மாலுமியை வஞ்சிப்பவள், குரலைப் பறிப்பவள் என்னும் உருவமே குழந்தைக் கதைகளுக்கு வழிவழியாக வந்தது. அச்சொல்லைத் தமிழில் ‘சூனியக்காரி’ என எழுதும்போது, அவள் வாய் திறப்பதற்கு முன்னரே தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகின்றது.

லெ குவின் இம்மரபை ஏற்கவில்லை. ஆனால் முற்றாகக் கைவிடவுமில்லை. ஏர்த்ஸீ உலகில் காற்றை எழுப்புதலும் புயலைத் தணித்தலும் குற்றங்கள் அல்ல, மதிப்புக்குரிய தொழில்கள். கப்பல்களில் இதற்கென மந்திரக்காரர் பணிக்கு அமர்த்தப்படுகின்றனர். எந்தச் செயலுக்காக ஸ்கொற்லாந்தில் மக்கள் கொல்லப்பட்டனரோ, அச்செயல் இங்கு கௌரவமான கடற்றொழிலாகின்றது. ஆயின் அத்தொழிலைச் செய்வோர் ஆண்கள். சூனியக்காரி கடலிலிருந்து மீட்கப்பட்டு ஊருக்குள் வந்துவிட்டாள். வந்தவளுக்குக் கிடைத்ததோ மூலிகைகள் தொங்கும் புகைபடிந்த குடிசை ஒன்றே. கடலும், அதனைக் கடக்கும் சாகசமும், றோக் தீவின் கல்விக்கூடமும் ஆண்களுக்கு உரியனவாயின. கொன்ற் தீவின் மக்கள் பெண்களின் மந்திரத்தை வலிமையற்றதென்றும் தீயதென்றும் பழமொழியில் வைத்துப் பேசுவதாக முதல் நூலின் தொடக்கத்திலேயே ஆசிரியர் கூறுகின்றார். சாகசக் கதையின் வேகத்தில் இப்பழமொழி ஒரு சிறு விவரமாகக் கடந்துபோகின்றது. எனினும், அவ்வுலகின் கல்வி அமைப்பு முழுவதும் அதன் மேலேயே எழுப்பப்பட்டுள்ளது.

முதல் இயலைச் சற்று நிதானமாகப் படிப்போம். தாயை இழந்த டனி என்னும் சிறுவன், தாயின் சகோதரி சொன்ன மந்திரச் சொற்களைக் கேட்டு, பொருளறியாமல் ஆடுகளை நோக்கிச் சொல்லிவிடுகின்றான். ஆடுகள் அவனை நெருக்கிச் சூழ்ந்துகொள்கின்றன. கட்டை அவிழ்க்க அவனுக்குத் தெரியவில்லை. அவிழ்ப்பவள் அந்தப் பெரியம்மாவே. அவளே ஊரின் சூனியக்காரி. அவனிடம் இயல்பான ஆற்றல் உண்டென்பதை முதலில் உணர்பவளும் அவளே. பறவைகளை அழைக்கும் சொற்கள் முதலாகத் தான் அறிந்தவற்றைக் கற்பிப்பவளும் அவளே. கார்கிஷ் கொள்ளையர் ஊரைத் தாக்கும் நாளில் அவன் மூடுபனியை எழுப்பி ஊரைக் காப்பதற்கு முன்னர், அவன் பெற்றிருந்த கல்வியின் அடித்தளம் அவளிடமிருந்து கிடைத்தது. இவ்வளவு செய்தவளைப் பற்றி ஆசிரியர் கூறுவது என்ன? அவள் அறியாமை மிக்கவள். உலகின் சமநிலையைப் பற்றி ஏதுமறியாதவள். அறியாதோர் நடுவே வாழ்ந்து தன் கலையை அற்ப நோக்கங்களுக்குச் செலவிட்டவள் என்பதே. பின்னர் ஒஜியன் என்னும் மாயவித்தகர் வந்து, டனிக்குக் கெட் என்னும் மெய்ப்பெயரைச் சூட்டி அழைத்துச் செல்கின்றார். அத்துடன் பெரியம்மா கதையிலிருந்து மறைகின்றாள். அவளுடைய மெய்ப்பெயர் என்னவென்று நூல் நமக்குச் சொல்வதில்லை.

இங்கு ஓர் ஒப்புமை மனங்கொளத்தக்கது. அழைக்கத் தெரிந்தவளுக்கு அவிழ்க்கவும் தெரிந்திருந்தது. றோக்கின் உயர்கல்வி பெற்ற கெட்டோ, சக மாணவன் ஒருவனிடம் கொண்ட செருக்கினால் இறந்தோரிடமிருந்து ஓர் ஆவியை அழைத்து, உலகில் ஒரு பிளவைத் திறந்துவிடுகின்றான். அதனூடாக வந்த நிழலைத் திருப்பி அனுப்ப அவனால் இயலவில்லை. பிளவை மூடுவதற்குத் தலைமை வித்தகர் தம் உயிரையே கொடுக்க நேர்கின்றது. சமநிலையை அறியாதவள் எனக் கூறப்பட்ட பெண் தன் எல்லைக்குள் அவிழ்ப்பையும் அறிந்திருந்தாள். சமநிலையைப் பாடமாகக் கற்றவனே அதனைக் குலைத்தான். கதை நிகழ்ச்சிகள் ஒன்றைக் கூற, கதைசொல்லியின் குரல் வேறொன்றைக் கூறுகின்றது. சிறந்த படைப்புகளில் இத்தகைய முரண்பாடு தற்செயலாக நேர்வதில்லை. படைப்பாளியின் கற்பனை, அவர் ஏற்றுக்கொண்ட மரபைக் கடந்து செல்ல முயலும் இடமே அது.

முதல் நூலின் ஏனைய பெண்களையும் நோக்க வேண்டும். கெட்டைத் தூண்டி முதன்முதலில் இருண்ட பக்கத்தைப் படிக்க வைக்கும் சிறுமி, ஒரு மந்திரக்காரியின் மகள். அவளே பின்னர் ஒஸ்கில் தீவின் கோட்டையில் செறெற் என்னும் அழகியாகத் தோன்றி அவனை மயக்க முயல்கின்றாள். மறுபுறத்தில் நண்பன் வெச்சின் தங்கை யறோ, அடுப்படியில் அன்போடு உணவு படைக்கும் நல்லவள்; அவளிடம் மந்திரமில்லை. ஆற்றலுள்ள பெண் அறியாதவளாக அல்லது வஞ்சகியாக இருப்பாள். நல்ல பெண் ஆற்றலற்றவளாக இருப்பாள் என்னும் பாகுபாடு இதனால் தெளிவாகின்றது. நூலைப் படிக்கும் சிறுவனுக்குக் கடல் திறந்திருக்கின்றது. சிறுமிக்குத் திறந்திருப்பது சமையலறை மாத்திரமே.

ஆனால் இந்நூலின் உண்மையான மேன்மை, அது கடலைப் பற்றிக் கூறுவதில் உள்ளது. ஏர்த்ஸீயில் ஒரு பொருளின் மெய்ப்பெயரை அறிந்தவனே அதன்மேல் ஆற்றல் செலுத்தமுடியும். றோக்கில் பெயர்களைக் கற்பிக்கும் ஆசான், கடலின் பெயரை அறிந்தவன் கடலை ஆள்பவனாகிவிடுவதில்லை என்று விளக்குகின்றார். ஒவ்வொரு குடாவுக்கும் நீரிணைக்கும் கரையோரத்துக்கும் தனித்தனிப் பெயருண்டு. நுரைக்குரிய பெயருக்குள்ளேயே இறகும் கடலும் அடங்கியிருக்கின்றன. அத்தனையையும் கற்று முடித்தோர் எவருமில்லை. ஆதலின் தன் அண்மையிலுள்ளதை, தான் துல்லியமாகவும் முழுமையாகவும் பெயரிடக்கூடியதை மாத்திரமே வித்தகன் ஆளமுடியும். இவ்வரம்பு இல்லாதிருந்தால் வலியோரின் பேராசை உலகை எப்போதோ குலைத்திருக்கும். இங்கே கடல் வெறும் பின்னணியன்று. அறிவின் எல்லையை அறிவுக்கு உணர்த்தும் ஆசிரியனே கடல். தாவோ சிந்தனையில் லெ குவினுக்கு இருந்த ஈடுபாடும் இப்பகுதியில் புலப்படுகின்றது. 1997 இல் அவர் ‘தாவோ தே சிங்’ நூலைத் தம் நோக்கில் ஆங்கிலத்தில் ஆக்கி வெளியிட்டார்.

இக்கருத்து கதையோட்டத்திலும் செயற்படுகின்றது. முதியதொரு மீனவனின் கண்ணோயை நீக்கிப் பெற்ற சிறு படகில் கெட் கடலோடுகின்றான். மந்திரக் காற்றால் பாயை நிரப்பிக்கொள்ள அவனால் இயலும். ஆயின் மந்திரக் காற்றை ஒருவன் தொடர்ந்து தாங்கவேண்டும், உலகின் காற்றோ தானே வீசும். பெயரற்ற மணல் திட்டொன்றில் ஒதுங்கும்போது, அங்கே கைவிடப்பட்டு முதுமையடைந்த ஒரு சகோதரனையும் சகோதரியையும் காண்கின்றான். மொழி புரியாத அக்கிழவி உடைந்த வளையத் துண்டொன்றை அவன் கையில் வைக்கின்றாள். அதன் மதிப்பை அவளும் உணரவில்லை, அவனும் உணரவில்லை. பல்லாண்டுகளின் பின் தீவுகளுக்குச் சமாதானத்தைத் தரப்போகும் வளையத்தின் பாதி அது. இறுதியில், எல்லாக் கரைகளுக்கும் அப்பாலுள்ள திறந்த கடலில், தன் பெயரையே நிழலுக்கும் பெயராகச் சொல்லிக் கெட் முழுமை பெறுகின்றான். தான் வெறுத்து ஓடியது தன்னுடைய பகுதியே என்பதை ஏற்பதில்தான் அவன் வெற்றி அமைகின்றது. எதிரியை வெட்டி வீழ்த்தும் சாகசக் கதைகள் மலிந்த காலத்தில் இம்முடிவு துணிவானது.

இத்தகைய முடிவைக் கொண்ட நூலே சூனியக்காரியைப் பெயரிடாமல் விட்டது என்பதே நமது வினா. ஆசிரியர் சித்திரித்தது அச்சமுதாயத்தின் கருத்தையே. அதனை அவருடைய கருத்தாகக் கொள்ளலாகாது எனச் சிலர் வாதிடலாம். பழமொழியைப் பொறுத்தவரை இது சரி. ஆனால் பெரியம்மாவின் அறியாமையைக் கூறுவது ஊரார் குரலன்று, கதைசொல்லியின் குரல். அன்றியும், இனத்தைப் பொறுத்தவரையில் இதே ஆசிரியர் மரபை வேண்டுமென்றே புரட்டியவர். கெட் செம்பழுப்பு நிறத்தவன், வெச் கருநிறத்தவன், கொள்ளையடிக்க வருவோரே வெண்ணிறத்தவர். பதிப்பகங்களின் அட்டைப் படங்களும் 2004 இல் வந்த தொலைக்காட்சித் தொடரும் நாயகனை வெள்ளையனாக்கியபோது அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். நிறத்தில் விழித்திருந்த கண், பாலில் உறங்கியது. சாகசக் கதையின் நாயகன் ஆண் என்னும் மரபுக்குள் நின்றே தாம் அந்நூல்களை எழுதியதாக 1992 இல் ஒக்ஸ்போட்டில் ஆற்றிய உரையில் அவரே ஏற்றுக்கொண்டார். அவ்வொப்புதலைத் தனிப்பட்ட பலவீனத்தின் அறிக்கையாகக் கொள்வது பொருந்தாது. ஒரு காலத்தின் இலக்கிய வடிவம் எத்துணை ஆற்றலோடு எழுத்தாளரின் கையைப் பிடித்து எழுதுவிக்கின்றது என்பதற்கான சான்றாகவே அதனைக் கொள்ளல் வேண்டும்.

இரண்டாம் நூல் ஒரு படி முன்னேறுகின்றது. ரெனார் என்னும் சிறுமி குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு, பெயர் பறிக்கப்பட்டு, பாலைநிலத்துக் கல்லறைகளின் பூசாரிணியாக்கப்படுகின்றாள். கடலின்றி இருளும் சுரங்கவழிகளும் நிறைந்த அந்நூலில் அவளுடைய விடுதலை கடற்பயணத்தில் முடிகின்றது. ஆயின் அவளைக் கடலுக்கு அழைத்துவருபவன் கெட். அவள் கரையிறங்கிய பின் அவளுக்கென ஒரு வேலையை அன்றைய சாகச வடிவத்தால் கொடுக்க இயலவில்லை.

‘ரெஹானு’ இந்த இடைவெளியிலிருந்தே தொடங்குகின்றது. ரெனார் இப்போது நடுவயது விதவை. கமக்காரனொருவனின் மனைவியாக வாழ்ந்தவள். மனிதரால் தீயிலிடப்பட்டு உருக்குலைந்த தெறு என்னும் சிறுமியை வளர்க்கின்றாள். ஆற்றலனைத்தையும் இழந்த கெட், பறவைநாகத்தின் முதுகில் ஏறி அவளிடம் வந்து சேர்ந்து ஆடு மேய்க்கின்றான். முதல் நூலின் பெரியம்மா இருந்த இடத்தில் இங்கு மொஸ் என்னும் சூனியக்காரி இருக்கின்றாள். அழுக்குடையவள், வம்பு பேசுபவள், சில வேளைகளில் அச்சமூட்டுபவள். ஆசிரியர் அவளைப் புனிதப்படுத்தவில்லை, பேசவிடுகின்றார். ஆணின் ஆற்றல் எத்தகையது, பெண்ணின் ஆற்றல் எங்கிருந்து வேர்விடுகின்றது என அவள் தன் சொற்களில் ஆராய்கின்றாள். அவள் கூறுவதையெல்லாம் ரெனார் ஏற்பதில்லை, ஆனால் கேட்கின்றாள்.

கேட்டல் என்பதே இந்நூலின் திறவுகோல். ஒஜியன் இறக்கும்போது தம் மெய்ப்பெயரை ரெனாரிடம் கூறிச் செல்கின்றார். அவர் உடலை எங்கே அடக்குவதென வாதிட வந்த இரு வித்தகர்களுக்கு அப்பெயரை அவள் சொல்கின்றாள். சொல்பவள் பெண் என்பதால் அச்சொல் அவர்கள் காதில் ஏறுவதில்லை. பெயர்களை அறிவதே தொழிலாகக் கொண்டோர், தம் முன் உரைக்கப்பட்ட பெயரைக் கேளாதிருக்கின்றனர். முதல் நூலின் குறையை இதனினும் சுருக்கமாக எந்தத் திறனாய்வாளனும் சுட்டியிருக்க முடியாது. இறுதியில் கொடிய வித்தகனொருவனின் பிடியில் ரெனாரும் கெட்டும் கடலோரச் செங்குத்துப் பாறையின் விளிம்புக்குக் கொண்டுவரப்படும்போது, பறவைநாகத்தின் பெயர்சொல்லி அழைத்து அவர்களைக் காப்பவள் எரிந்த முகமுடைய சிறுமியே.

இந்நூலை விரும்பாதோர் பலர். தாங்கள் நேசித்த நாயகனை ஆசிரியர் சிறுமைப்படுத்திவிட்டார் என்பது ஒரு குற்றச்சாட்டு; கதையைக் கொள்கைக்குப் பலியிட்டார் என்பது மற்றொன்று. முதலாவதை ஏற்க இயலாது. ஆடு மேய்த்த சிறுவன் ஆடு மேய்ப்பவனாகத் திரும்புவது வீழ்ச்சியெனத் தோன்றுமாயின், ஆடு மேய்த்தலைப் பற்றி நாம் கொண்டுள்ள எண்ணமே சோதிக்கப்பட வேண்டியது. இரண்டாவது குற்றச்சாட்டில் உண்மையின் கூறு உண்டு. தீயவர்கள் முற்றிலும் தீயவர்களாக வரையப்பட்டுள்ளனர். நிழலைத் தன் பகுதியெனத் தழுவிய முதல் நூலின் நுண்மை இங்கே குறைகின்றது. கடலும் தொலைவிலே ஒலிப்பதொன்றாகிவிட்டது. பாயில் காற்று நிறையும் மகிழ்ச்சிக்காக முதல் நூலைத் திறந்த பத்து வயது வாசகனுக்கோ வாசகிக்கோ, இந்நூல் அம்மகிழ்ச்சியைத் திருப்பித் தருவதில்லை. நீதி வழங்கப்பட்டது, அதற்கு விலையாகச் சாகசம் கொடுக்கப்பட்டது. இவ்விலை தவிர்க்க முடியாததா என்னும் வினாவுக்கு ஆசிரியரின் அடுத்த நூலே விடை தேடிற்று.

‘ஏர்த்ஸீக் கதைகள்’ தொகுதியின் முதற்கதையில் அடிமைப்பட்ட இளைஞன் ஒருவன் தப்பிக் கடலோடி றோக் தீவை அடைகின்றான். அங்கே அவன் காண்பது, கொடுங்கோலருக்கு மறைவாக அறிவைக் காத்துவரும் பெண்களை. அவர்களும் அவனும் கூடியே அப்புகழ்பெற்ற கல்விக்கூடத்தை நிறுவுகின்றனர். ஆண்களுக்கே உரியதென மூன்று நூல்களிலும் நாம் நம்பிவந்த கூடத்தின் அத்திவாரத்தைப் பெண்களும் இட்டனர். பின்னரே அதன் வாயில் அவர்களுக்கு அடைக்கப்பட்டது. இக்கதையில் கடலும் சாகசமும் மீண்டன; நீதியும் கைவிடப்படவில்லை. பழைய நூல்களில் ஒரு வரியையும் ஆசிரியர் அழிக்கவில்லை. அவை கூறாது விட்ட வரலாற்றை எழுதியதன் மூலம், அவற்றில் இயற்கை நியதிபோலத் தோன்றியதை மனிதர் செய்த ஏற்பாடாகக் காட்டிவிட்டார். இலக்கியத்தில் வரலாற்று நோக்கு என்பது இதுவே.

பல்கலைக்கழகத்தினர் படிக்கும் மலரில் சிறுவர் கதையொன்றைப் பற்றி எழுதத் துணிந்தமைக்கான காரணமும் இங்கேயே உள்ளது. றோக் ஒரு கல்விக்கூடம். அதற்குள் நுழைய மெய்ப்பெயரைக் கூறவேண்டும்; நுழைந்தோர் பெறும் அறிவு ஒழுங்குபட்டது, ஏட்டிலேறியது, படிநிலை கொண்டது. குடிசையின் அறிவோ வாய்வழி வந்தது, கலப்புடையது, அன்றாடத் தேவையோடு பிணைந்தது. முன்னதற்கு அறிவென்றும் பின்னதற்கு அறியாமையென்றும் பெயரிடும் அதிகாரம் கூடத்தினரிடமே இருந்தது. குடிசையின் அறிவெல்லாம் மெய்யென்று கொள்வது மறுதலையான மூடத்தனம். மொஸ் சொல்வதையெல்லாம் ரெனார் நம்பவில்லை என்பதை நாம் கண்டோம். ஆனால் கேளாமலே தீர்ப்பளிப்பது கல்வியாகாது.

கடலின் ஒவ்வொரு குடாவுக்கும் பெயருண்டு, அத்தனையையும் கற்றவர் எவருமில்லை என்று 1968 இல் எழுதிய கை, ஒரு கிராமத்துப் பெண்ணின் பெயரைக் கேட்க மறந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளின் பின் அதே கை அக்குடிசையின் கதவைத் தட்டிற்று. முதல் நூலை மாத்திரம் படித்து மகிழ்வோர் சிறந்த ஒரு கடற்கதையைப் பெறுவர். வரிசை முழுவதையும் படிப்போர், தன் தவறைத் தன் கொள்கையினாலேயே கண்டுணர்ந்த ஓர் எழுத்தாளரின் நேர்மையையும் பெறுவர். குழந்தைகளின் கையில் நாம் கொடுக்கும் நூல்களைத் தெரிவுசெய்கையில், அந்நேர்மையையே முதன்மையான அளவுகோலாகக் கொள்ளுதல் தகும்.